இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை

படுத்த படுக்கையாகிவிட்டவரை, படுக்கைப்புண் வராமலிருக்க, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். கேட்கும்போது "சரி, அதிலென்ன" என்றுதான் இருக்கும். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தடவை. இரவு பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு, பிறகு விடிந்தும் விடியாமல் ஆறு. ஞாயிறு, பண்டிகை எதுவும் கிடையாது.

அம்மா கடைசிப் பதினான்கு மாதம் அப்படித்தான் இருந்தார். முதல் இரண்டு மாதம் சம்பளமில்லாத விடுப்பு போட்டுவிட்டு நானே பார்த்துக்கொண்டேன். பார்த்துக்கொண்டேன் என்று சொல்வதற்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஏழாவது வாரம் முதுகுக்குக் கீழே, வால் எலும்பு இருக்கும் இடத்தில் தோல் சிவந்திருந்தது. புழுக்கத்தில் வந்திருக்கும் என்று பவுடர் போட்டேன். மறுநாளும் போட்டேன்.

அடுத்த வாரம் ஒரு ஏஜென்சி மூலமாக அந்தப் பெண் வந்தாள். வேறு மொழிக்காரி. என்னைவிடப் பத்து வயதாவது குறைவு. பையைக்கூடக் கீழே வைக்காமல் அம்மாவை ஒருக்களித்துப் பார்த்தாள். சிவந்த இடத்தில் ஒரு விரலை வைத்து அழுத்தி எடுத்தாள். அழுத்திய இடம் வெளுத்துப் பிறகு சிவந்தால் பயமில்லை. வெளுக்காமல் அப்படியே சிவப்பாக இருந்தால் உள்ளே சதை நசுங்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். வெளுக்கவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதைப் புரிந்துகொள்ள மொழி தேவைப்படவில்லை.

அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் எனக்குச் சிலவற்றைச் சொல்லிக்கொடுத்துவிட்டாள், எல்லாம் கையசைவில். மேலே நகர்த்தும்போது இழுக்கக் கூடாது, தோல் உரியும். அடியில் ஒரு விரிப்பை மடித்துப் போட்டு அதோடு சேர்த்துத் தூக்க வேண்டும். விரிப்பில் ஒரு சுருக்கம்கூட இருக்கக் கூடாது. ஒருக்களிக்கும்போது இரண்டு முட்டிக்கும் நடுவில் தலையணை. கெண்டைக்காலுக்கு அடியில் இன்னொரு தலையணை, குதிகால் மெத்தையில் படாமல் அந்தரத்தில் நிற்கிற மாதிரி. குதிகாலைத்தான் எல்லோரும் மறந்துவிடுவார்களாம். நானும் மறந்திருந்தேன்.

பதினைந்து நாளில் சிவப்பு போயிற்று. மாதக் கடைசியில் நான் வேலைக்குத் திரும்பினேன்.

இந்தக் கட்டுரை அம்மாவைப் பற்றியது அல்ல. வேலைக்குத் திரும்பிய முதல் வாரம், மதிய உணவு நேரத்தில் ஒருவர் "வெளியாட்கள் வந்து வந்து நம்ம ஆட்களுக்கு வேலையே இல்லாமல் போச்சு" என்றார். பொதுவாகச் சொன்னார், என்னை வைத்துச் சொல்லவில்லை. நான் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். அன்று நான் அந்த மேசையில் உட்கார்ந்து சாப்பிட முடிந்ததே ஒரு வெளியாள் வந்ததால்தான் என்று சொல்லியிருக்கலாம். வாதம் செய்யத் தெம்பில்லை. அதன் பிறகு இதைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்தேன், பெரும்பாலும் இரவு பன்னிரண்டுக்கும் இரண்டுக்கும் நடுவில்.

அவர் சொன்னதற்கு "வேலைப் பிண்டம்" என்று ஒரு பழைய பெயர் இருக்கிறது. 1891-ல் டேவிட் ஷ்லாஸ் என்ற ஆங்கிலேயப் பொருளியலாளர் வைத்தது. உலகத்தில் வேலை என்பது ஒரே பிண்டம், அளவு மாறாது, ஒருவன் ஒரு பிடி எடுத்தால் மற்றவனுக்கு ஒரு பிடி குறையும் என்ற நம்பிக்கை. வருகிறவன் சாப்பிடுவான், வீடு எடுப்பான், செருப்பு வாங்குவான், அதனால் வேலை பெருகும் என்பது இந்தக் கணக்கில் வராது.

இதே பழியைச் சில காலம் வயதானவர்கள் மேலும் போட்டிருக்கிறார்கள் என்பதுதான் எனக்குப் புதுச் செய்தி. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் ஐரோப்பாவில் இளைஞர்களுக்கு வேலை இல்லாதபோது, "கிழவர்கள் இடத்தைக் காலி செய்தால் பிள்ளைகள் உட்காருவார்கள்" என்று ஓய்வு வயதை முன்னால் இழுத்தார்கள். பிரான்சில் மித்தரான் அரசு 1982-ல் முழு ஓய்வூதிய வயதை 65-லிருந்து 60-க்கு இறக்கியது. பிற்பாடு பொருளியலாளர்கள் ஜோனதன் குரூபரும் டேவிட் வைஸும் பன்னிரண்டு நாடுகளின் புள்ளிவிவரத்தைத் திரட்டிப் பார்த்தார்கள். முதியவர்கள் வேலையைவிட்டுப் போனதால் இளைஞர்களுக்கு வேலை கூடியதற்குச் சான்று இல்லை. முதியவர்கள் அதிகம் வேலை பார்க்கிற இடத்தில் இளைஞர்களுக்கும் வேலை இருந்தது. வேலை இருக்கிற ஊரில் எல்லோருக்கும் இருக்கிறது. இல்லாத ஊரில் யாருக்கும் இல்லை.

வெளியாட்கள் விஷயத்தில் சண்டை இன்னும் தீரவில்லை. அந்தச் சண்டையின் குருக்ஷேத்திரம் அமெரிக்காவின் மயாமி நகரம். 1980 ஏப்ரலில் காஸ்ட்ரோ, போக நினைப்பவர்கள் மரியேல் துறைமுகம் வழியாகப் போகலாம் என்று கியூபாவின் கதவைத் திறந்துவிட்டார். அக்டோபருக்குள் ஏறக்குறைய 1,25,000 பேர் படகுகளில் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார்கள். பாதிப் பேர் மயாமியிலேயே தங்க, அந்த நகரத்தின் தொழிலாளர் எண்ணிக்கை சில மாதத்தில் 7 சதவீதம் கூடிவிட்டது. ஆராய்ச்சி செய்பவர்களுக்கு இதைவிட நல்ல சோதனை கிடைக்காது. நகரத்துக்கு வேலை பெருகியதால் ஆட்கள் வரவில்லை, காஸ்ட்ரோ மனசு மாறியதால் வந்தார்கள்.

பொருளியலாளர் டேவிட் கார்டு 1990-ல் வெளியிட்ட ஆய்வில் மயாமியை அட்லாண்டா, ஹூஸ்டன் போன்ற நகரங்களோடு ஒப்பிட்டார். திறன் குறைந்த உள்ளூர்க்காரர்களின் கூலியிலும் வேலையின்மையிலும் மரியேல் படகுகளின் தடம் ஏறக்குறைய எதுவுமே தெரியவில்லை. 2021-ல் அவருக்கு நோபல் கிடைத்ததில் இந்த வகை ஆய்வுகளுக்குப் பெரும் பங்கு உண்டு. இன்னொரு பொருளியலாளர் ஜார்ஜ் போர்ஹாஸ் இதை ஒத்துக்கொள்ளவில்லை. அவரே ஹவானாவில் பிறந்து 1962-ல் சிறுவனாக அமெரிக்கா வந்தவர் என்பது இந்தக் கதையின் சுவை. பள்ளிப் படிப்பை முடிக்காத ஆண்களை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்த்தால் கூலி 10 முதல் 30 சதவீதம் வரை விழுந்திருக்கிறது என்றார். அப்படிப் பிரித்தெடுத்தால் மாதிரியில் மிஞ்சுவது ஆண்டுக்கு ஒரு வகுப்பறையை நிரப்பக்கூடக் காணாத ஆட்கள், அதிலும் அந்த ஆண்டுகளில் கணக்கெடுப்பு முறை மாறியதால், சராசரியாகக் குறைந்த கூலி வாங்கிய கறுப்பினத்தவர் பங்கு கூடியிருந்தது, எனவே விழுந்தது கூலியா மாதிரியா என்று மைக்கேல் கிளெமென்ஸும் ஜெனிஃபர் ஹண்டும் மடக்கினார்கள்.

எனக்குக் கார்டு பக்கம்தான் சாய்வு. ஆனாலும் போர்ஹாஸின் கேள்வியைத் தூக்கிப் போட முடியவில்லை. "மொத்தத்தில் பாதிப்பில்லை" என்று சொல்லும்போது அந்த மொத்தத்துக்குள் யார் யார் இருக்கிறார்கள்? அந்தப் பெண் வந்ததில் எனக்கு லாபம், அம்மாவுக்கு லாபம். அதே வேலையைச் செய்து பிழைக்கிற, இதே மொழி பேசும் இன்னொரு பெண் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டிருப்பாள், நானும் வேறு வழியில்லாமல் கொடுத்திருப்பேன். அவளுக்கு என்ன ஆயிற்று என்று எந்தச் சராசரியும் சொல்லாது.

டென்மார்க்கில் நடந்தது இதற்கு ஒரு பதில் மாதிரி இருக்கிறது. 1986 முதல் 1998 வரை அந்த நாடு அகதிகளை எங்கே குடிவைப்பது என்று தானே முடிவு செய்து ஊர் ஊராகப் பிரித்து அனுப்பியது. மெட்டெ ஃபோகெடும் ஜொவான்னி பெரியும் அந்த ஊர்களில் படிப்புக் குறைந்த உள்ளூர்த் தொழிலாளர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்தபோது, அவர்கள் உடலுழைப்பு வேலையிலிருந்து பேச்சும் பொறுப்பும் அதிகம் வேண்டிய வேலைகளுக்கு நகர்ந்திருந்தார்கள், கூலியும் கூடியிருந்தது. மொழி தெரிந்தவனுக்கு மொழி வேலை, தெரியாதவனுக்குக் கை வேலை என்று பிரிந்துகொண்டது. டென்மார்க்கில் வேலை மாறுவது எளிது, நடுவில் விழுந்தால் தாங்கவும் ஏற்பாடு உண்டு. அது இல்லாத நாட்டில் இதே நகர்வு நடக்கும் என்று நான் பந்தயம் கட்டமாட்டேன்.

சரி, வெளியாட்களை நிறுத்திவிட்டால் கூலி ஏறுமா? இதையும் ஒரு நாடு செய்து பார்த்திருக்கிறது. 1942-லிருந்து அமெரிக்கப் பண்ணைகளுக்கு மெக்சிகோவிலிருந்து பருவகால ஆட்களை ஒப்பந்தத்தில் வரவழைத்தார்கள். பிரசேரோ திட்டம் என்று பெயர். உள்ளூர்க் கூலியை உயர்த்துவதற்காகவே 1964 கடைசியில் அதை மூடினார்கள். கிளெமென்ஸும் உடன் ஆய்வாளர்களும் பழைய பதிவேடுகளைத் தோண்டிப் பார்த்ததில், பிரசேரோக்கள் நிறைய இருந்த மாநிலங்களிலும் இல்லவே இல்லாத மாநிலங்களிலும் கூலி ஒரே மாதிரிதான் நகர்ந்திருந்தது. பண்ணைக்காரர்கள் கூலியை ஏற்றவில்லை, இயந்திரம் வாங்கினார்கள். இயந்திரத்தால் ஆகாத பயிர்களைக் குறைத்துக்கொண்டார்கள். கலிஃபோர்னியாவில் தக்காளி பறிக்கும் இயந்திரம் தயாராக நின்றது. சில ஆண்டுகளில் பதப்படுத்தும் தக்காளி ஏறக்குறைய முழுவதும் இயந்திர அறுவடைக்குப் போய்விட்டது. இயந்திரம் மட்டும் போதவில்லை. அது பிடித்தால் நசுங்காத, ஒரே சமயத்தில் பழுக்கிற, தோல் தடித்த தக்காளியையும் சேர்த்தே உருவாக்கினார்கள்.

இதைப் படித்த இரவு, எழுந்து போய் அம்மாவைப் புரட்டும் முறை என்னுடையது. அந்தப் பெண் தூங்கட்டும் என்று இரண்டு மணி முறையை மட்டும் நான் எடுத்துக்கொண்டிருந்தேன். முழங்கைத் தோல் வெங்காயச் சருகு மாதிரி இருந்தது. தக்காளிக்குத் தோலைத் தடிக்கவைக்கலாம். எண்பது வயதில் இருப்பவருக்கு எப்படித் தடிக்கவைப்பது?

முயற்சி செய்யாமல் இல்லை. ஜப்பானில் ரிக்கென் ஆய்வு நிறுவனம் 2015-ல் ரோபியர் என்று ஒன்றைக் காட்டியது. கரடிக் குட்டி முகம், 140 கிலோ எடை. படுக்கையில் இருப்பவரை இரண்டு கையாலும் ஏந்தி நாற்காலியில் உட்காரவைத்தது. படம் உலகமெல்லாம் சுற்றியது. ரோபியர் மட்டும் ஆய்வுக்கூடத்தைத் தாண்டி எந்த வீட்டுக்கும் போகவில்லை. நாடு மூப்படைந்தால் தொழிற்சாலையில் ரோபோ பெருகுகிறது என்பது உண்மைதான். தென்கொரியா, ஜப்பான், ஜெர்மனி மூன்றும் அதற்குச் சாட்சி. கார் கதவைப் பிடிக்கிற கைக்கும் குதிகாலைப் பிடிக்கிற கைக்கும் உள்ள தூரத்தை இன்னும் யாரும் கடக்கவில்லை. விரலால் அழுத்தி, எடுத்து, வெளுக்கிறதா என்று பார்க்கும் அந்த ஒரு விநாடியைச் சொல்கிறேன். அதை வேகப்படுத்தவும் முடியாது, இன்னொரு நாட்டில் செய்து கப்பலில் வரவழைக்கவும் முடியாது.

முதுமை வேலைச் சந்தையை மாற்றும் விதம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. உழைக்கும் வயதினர் குறைவார்கள் என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். வேலையின் வகையே மாறுகிறது. அவசரப்படுத்த முடியாத, ஆளை அனுப்பித்தான் ஆகவேண்டிய வேலை பெருகுகிறது. குறைவதும் வேகமாகத்தான் நடக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். மக்கள்தொகை குறையாமல் நிலைத்திருக்க ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 2.1 குழந்தை வேண்டும். தென்கொரியாவில் 2023-ல் அது 0.72. ஜப்பானில் 2024-ல் 1.15. சீனாவின் மக்கள்தொகை 2022-லிருந்து இறங்குமுகம். ஜப்பானில் பத்தில் மூன்று பேர் 65-ஐத் தாண்டியவர்கள்.

அந்த ஜப்பானில்கூட விஷயம் நேர்கோடாக இல்லை. உழைக்கும் வயதினர் எண்ணிக்கை 1995-ல் உச்சம் தொட்டு அப்போதிருந்து கோடிக்கும் மேல் குறைந்துவிட்டது. ஆனால் வேலையில் இருப்போர் எண்ணிக்கை குறையவில்லை, 2024-ல் அதுவரை இல்லாத உயரத்தில் இருந்தது. வீட்டிலிருந்த பெண்கள் வேலைக்கு வந்தார்கள். 65-ஐத் தாண்டியவர்களில் நால்வரில் ஒருவர் வேலை பார்க்கிறார். பிறகு, "நாங்கள் குடியேறுபவர்களை ஏற்கும் நாடு அல்ல" என்று சொல்லிக்கொண்டே வெளிநாட்டுத் தொழிலாளர்களையும் 2024-க்குள் 23 லட்சம் வரை சேர்த்திருந்தார்கள்.

சேர்த்த விதம் தனிக் கதை. 2008-லிருந்து இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், பிறகு வியட்நாம் நாடுகளிலிருந்து வர்த்தக ஒப்பந்தத்தின் கீழ் நர்ஸ்களையும் பராமரிப்பாளர்களையும் வரவழைத்தார்கள். நர்ஸ்களாக வந்தவர்கள் சொந்த நாட்டில் படித்துத் தேறி, அனுபவமும் உள்ளவர்கள். ஆனால் மூன்று ஆண்டுகளுக்குள் ஜப்பானின் தேசியத் தேர்வை ஜப்பானிய மொழியிலேயே எழுதித் தேற வேண்டும். இல்லாவிட்டால் திரும்பிப் போக வேண்டும். 2009-ல் 82 பேர் எழுதினார்கள், ஒருவர்கூடத் தேறவில்லை. 2010-ல் 254 பேரில் 3 பேர். அந்தச் சமயத்தில் பத்திரிகைகள் ஒரு சொல்லை அடிக்கடி எடுத்துக்காட்டின. ஜொகுசோ. படுக்கைப்புண் என்று அர்த்தம். அதை எழுதுகிற சித்திர எழுத்துகள் ஜப்பானியர்களே தடுமாறுகிற அளவுக்குச் சிக்கலானவை. வீட்டில் புழங்கும் எளிய சொல் ஒன்று, தொகோஸுரே என்று, இருக்கத்தான் செய்கிறது. தேர்வுத்தாளில் அது வராது. பிற்பாடு எழுத்துகளுக்குமேல் உச்சரிப்பைப் போட்டார்கள், நோய்ப் பெயர்களை ஆங்கிலத்திலும் கொடுத்தார்கள், தேர்ச்சி கொஞ்சம் ஏறியது.

படுக்கைப்புண்ணைக் கண்ணால் பார்த்தே, விரலால் தொட்டே கண்டுபிடித்துவிடுகிற பெண்கள், படுக்கைப்புண் என்ற எழுத்தைப் படிக்க முடியாமல் வீடு திரும்பினார்கள். நோயாளியின் பதிவேட்டைப் படிக்க மொழி வேண்டும்தான், அதை மறுக்கவில்லை. என் வீட்டுக்கு வந்தவளுக்கு அந்தத் தேர்வை வைத்திருந்தால் அவளும் தோற்றிருப்பாள், நான் தேறியிருப்பேன்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். 1990-ல் சட்டத்தை மாற்றி, பிரேசிலில் குடியேறிய ஜப்பானியர்களின் பேரப்பிள்ளைகளைத் தொழிற்சாலை வேலைக்கு அழைத்தார்கள். ரத்த சம்பந்தம் இருக்கிறதே, எளிதாக ஒட்டிக்கொள்வார்கள் என்று கணக்கு. 2008-ல் உலகப் பொருளாதாரம் சரிந்தது. அடுத்த ஆண்டே, திரும்பிப் போகிற ஒவ்வொரு தொழிலாளிக்கும் 3 லட்சம் யென், குடும்பத்தில் தலைக்கு 2 லட்சம் யென், அதே விசாவில் மறுபடி வரக் கூடாது என்று அறிவித்தார்கள். இருபதாயிரம் பேருக்கு மேல் வாங்கிக்கொண்டு போனார்கள். பத்தே ஆண்டில், 2019-ல், ஆள் போதவில்லை என்று பராமரிப்பு உட்படப் பல தொழில்களுக்குப் புது விசா திறந்தார்கள். 2009-ல் அனுப்பிவைக்கப்பட்ட குழந்தைகள் அப்போது உழைக்கும் வயதுக்கு வந்திருப்பார்கள், ஜப்பானியப் பள்ளியில் படித்த ஜப்பானிய எழுத்தோடு.

"ஆள் பற்றாக்குறை" என்ற சொல்லையும் நான் இப்போது கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படிக்கிறேன். பல இடங்களில் அது அந்தச் சம்பளத்துக்கு, அந்த நேரத்துக்கு, அந்த மரியாதைக்கு ஆள் பற்றாக்குறை. வந்தவருக்கு முதலாளியை மாற்றும் உரிமை இல்லையென்றால் சம்பளம் ஏற வேண்டிய கட்டாயமும் இல்லை. எங்கள் வீட்டுக்கு வந்தவளின் சான்றிதழ்களை அந்த ஏஜென்சி "பத்திரமாக" வாங்கி வைத்திருந்தது. நான்காவது மாதம்தான் எனக்கு இது தெரியும். போன் செய்து சத்தம் போட்டேன். "மேடம், கொடுத்தால் நாளைக்கே வேறு இடம் போய்விடுவாள், அப்புறம் நீங்கள்தான் கஷ்டப்படுவீர்கள்" என்றார்கள். அந்த ஒரு விநாடி நான் தயங்கினேன். பிறகு வாங்கிக்கொடுத்துவிட்டேன், ஆனால் தயங்கியதை மறைக்க விரும்பவில்லை. உள்ளூர்க்காரர்களின் கூலியை இறக்குவது வந்தவர்களின் எண்ணிக்கையா, அல்லது அவர்கள் காலைக் கட்டிவைத்திருக்கும் அந்தக் கயிறா என்று யாராவது கேட்டால், நான் கயிற்றைத்தான் சொல்வேன். அதன் ஒரு நுனி என் கையிலும் இருந்தது.

குடியேற்றம் முதுமைக்கு மருந்து என்று பேசுகிறவர்களுக்காக ஐ.நா. 2000-ல் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தது. ஒரு முதியவருக்கு எத்தனை உழைக்கும் வயதினர் என்ற விகிதத்தை 2050 வரை குறையாமல் காப்பாற்ற எத்தனை பேர் குடியேற வேண்டும்? தென்கொரியாவுக்கு வந்த விடை 510 கோடி. அன்று உலகத்தின் மொத்த மக்கள்தொகையே 610 கோடி சொச்சம். யாரும் இதைத் திட்டமாக முன்வைக்கவில்லை, இப்படிச் செய்யவே முடியாது என்று காட்டத்தான் அந்தக் கணக்கு. இவ்வளவு பெரிய எண் வரக் காரணம் எளிது. இருபத்தைந்து வயதில் வருகிறவருக்கும் நாற்பது வருடத்தில் அறுபத்தைந்து ஆகிவிடும். அவரைத் தாங்க இன்னும் பலர் வேண்டும், அந்தப் பலருக்கும் வயதாகும். அவர்களுக்குப் பிறக்கும் பிள்ளைகளும் ஓரிரு தலைமுறையில் உள்ளூர்க்காரர்கள் அளவுக்குத்தான் பெற்றுக்கொள்கிறார்கள். குடியேற்றத்தால் அவகாசம் கிடைக்கும். அவகாசம் பெரிய விஷயம்தான், இரண்டு மணி நேர அவகாசத்துக்காக நான் என்னென்ன கொடுக்கத் தயாராக இருந்தேன் என்று எனக்குத் தெரியும்.

வருகிறவருக்கும் வயதாகும், உடம்புக்கு வரும் என்பதை முற்றிலும் மறந்து ஒரு நாடு திட்டம் போட்டது. மேற்கு ஜெர்மனி 1955-ல் இத்தாலியோடும், பிறகு ஸ்பெயின், கிரீஸ், துருக்கி, போர்ச்சுகல் என்றும் ஒப்பந்தம் போட்டு ஆட்களை அழைத்தது. விருந்தாளித் தொழிலாளி என்று பெயர்; விருந்தாளி என்றால் போய்விட வேண்டும். 1964 செப்டம்பர் 10-ல் கொலோன் நகர ரயில் நிலையத்தில் பத்து லட்சமாவது ஆளை வரவேற்க பேண்டு வாத்தியத்தோடு நின்றார்கள். பட்டியலில் விரலை வைத்துத் தேர்ந்தெடுத்த பெயர் ஆர்மாண்டோ ரோட்ரிகஸ் டி சா. போர்ச்சுகலைச் சேர்ந்த தச்சர், 38 வயது. ஒலிபெருக்கியில் பெயரைக் கூப்பிட்டதும் தன்னைத் திருப்பி அனுப்பப்போகிறார்கள் என்று பயந்துவிட்டாராம். பூங்கொத்து கொடுத்து, ஒரு மொபெட்டில் உட்காரவைத்துப் படம் எடுத்தார்கள். தொப்பியும் களைத்த முகமுமாக அவர் இருக்கும் அந்தப் படம் ஜெர்மானியப் பாடப்புத்தகம் வரை போயிற்று.

பாடப்புத்தகப் படத்துக்குப் பிறகு நடந்தது இது. சில ஆண்டுகள் உழைத்துவிட்டு, உடம்பு முடியாமல் ஊர் திரும்பினார். புற்றுநோய். ஜெர்மனியில் தனக்குச் சிகிச்சை உதவி பெற உரிமை இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. சேர்த்துவைத்த பணமெல்லாம் வைத்தியத்துக்குப் போக, 1979-ல் இறந்துபோனார். மொபெட் இப்போது பான் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்ததும் ஜெர்மனி ஆள் எடுப்பதை நிறுத்தியது. அதுவரை ஏறக்குறைய 1.4 கோடிப் பேர் வந்து 1.1 கோடிப் பேர் போயிருந்தார்கள், போகவும் வரவுமாக இருந்தார்கள். கதவை மூடியதும், இனி போனால் வர முடியாது என்று தெரிந்துகொண்ட மீதிப் பேர் மனைவி மக்களை வரவழைத்துக்கொண்டு தங்கிவிட்டார்கள். அவர்களைத் தங்கச் சொல்லாமலே போகவிடாமல் செய்தது அந்தத் தடைதான். பள்ளிக்கூடம், மொழி வகுப்பு, குடியுரிமை எதுவும் யோசித்து வைக்கவில்லை, விருந்தாளிக்கு எதற்கு என்று. அந்த யோசிக்காமையின் வட்டியைப் பிள்ளைகள் கட்டினார்கள்.

போகிற இடத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். விட்டுவந்த இடம்? உலகத்தில் பிறந்த நாட்டைவிட்டு வெளியே வாழ்பவர்கள் 2024 கணக்கில் 30.4 கோடி. மொத்தத்தில் 4 சதவீதம்கூட இல்லை, சத்தத்தைக் கேட்டால் பாதி உலகம் இடம்பெயர்ந்த மாதிரி இருக்கும். ஆனால் அந்தக் கொஞ்சம் பேர் எல்லா ஊரிலிருந்தும் சமமாகக் கிளம்புவதில்லை. பல்கேரியாவில் எண்பதுகளின் கடைசியில் 90 லட்சத்தை நெருங்கியிருந்த மக்கள்தொகை 2021-ல் 65 லட்சம். பிறப்பும் குறைந்து, இளையவர்களும் கிளம்பிப் போக, மிஞ்சியவர்கள் மூத்தவர்கள். அவர்களை வளர்த்துப் படிக்கவைத்த செலவு ஒரு நாட்டுக்கு, அவர்கள் கட்டும் வரி இன்னொரு நாட்டுக்கு. நர்ஸ்களையும் மருத்துவர்களையும் இப்படி ஏழை நாடுகளிலிருந்து உறிஞ்சக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2010-ல் நெறிமுறை வகுத்தது. 2023-ல் தனிப் பாதுகாப்பு வேண்டிய 55 நாடுகளின் பட்டியலும் போட்டது. கட்டாயம் இல்லாத நெறிமுறை. போகிற பெண்ணைத் தடுக்கச் சொல்வதும் நியாயமில்லை, அவள் அனுப்பும் பணத்தில்தான் அங்கே ஒரு வீடு நிமிர்ந்து நிற்கிறது. 2023-ல் வசதி குறைந்த நாடுகளுக்கும் நடுத்தர நாடுகளுக்கும் இப்படி வந்து சேர்ந்த தொகை 65,000 கோடி டாலருக்கு மேல். எந்த வளர்ச்சி உதவியும் இதன் பக்கத்தில் வராது.

பணம் போகிறது, கை போவதில்லை. இத்தாலியில் முதியவர்களோடு வீட்டிலேயே தங்கிப் பார்த்துக்கொள்ளும் உக்ரைன், ருமேனியா, மால்டோவா நாட்டுப் பெண்கள் ஏராளம். வீடு திரும்பியபின் அவர்களில் பலருக்குத் தூக்கம் வராது, பிள்ளைகளோடு ஒட்ட முடியாது, எங்கேயும் சேராத ஆளாகிப்போன மாதிரி ஒரு சோர்வு. 2005-ல் உக்ரைனிய மனநல மருத்துவர்கள் இதற்கு "இத்தாலி நோய்" என்று பெயர் வைத்தார்கள். இத்தாலிக்கு இந்தப் பெயர் எவ்வளவு அநியாயமோ, பெயரில்லாமல் இருப்பது அவர்களுக்கு அதைவிட அநியாயம்.

எங்கள் வீட்டில் அது வேறு விதமாகத் தெரியவந்தது. எட்டாவது மாதமோ ஒன்பதாவது மாதமோ. அதற்குள் அவளுக்கு எங்கள் மொழியில் வலி, திரும்பு, கொஞ்சம், ஆச்சு எல்லாம் வந்திருந்தது. எனக்கு அவள் மொழியில் நாலு சொல்கூட வரவில்லை. யாருக்குக் கட்டாயமோ அவர்தானே கற்றுக்கொள்கிறார். இரவு பத்து மணி முறை முடிந்ததும் தினம் அறை ஓரத்தில் உட்கார்ந்து வீடியோவில் தன் வீட்டோடு பேசுவாள். அன்று குரல் வழக்கம்போல் இல்லை, கறாராக இருந்தது. என்னவென்று கேட்டேன். அவளுடைய அம்மா ஒரு மாதமாகப் படுக்கையாம். அண்ணி பார்த்துக்கொள்கிறாளாம்.

"நீ போகணுமா?" என்றேன்.

"போனா பணம் யார் அக்கா அனுப்புறது?" என்றாள்.

மறுபடி போனைப் பார்த்து ஏதோ சொன்னாள். திரையில் படம் ஆடியது. தரை, கட்டில் கால், போர்வை என்று ஓடி நின்றது. அவள் சொல்லச் சொல்ல அந்தப் பக்கம் ஒரு கை போர்வையை விலக்கியது. இருட்டில் சரியாகத் தெரியவில்லை. டார்ச் அடிக்கச் சொன்னாள் போலிருக்கிறது, வெளிச்சம் வந்தது. இரண்டு குதிகால். அவள் போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள். பிறகு தன் ஆள்காட்டி விரலைக் கேமராவுக்கு முன்னால் நீட்டி, காற்றில் அழுத்தி, எடுத்துக் காட்டினாள்.